ஜிஆர்86 காருக்கு மாற்று எக்ஸாஸ்ட்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பாக்ஸர்பிரியன் (கேள்வி)

வணக்கம். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஆறு கியர் மேனுவல் டொயோட்டா ஜிஆர்86. ஓட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை; ஒலியில்தான் மனம் நிறையவில்லை. நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 228 குதிரைத்திறன் தரும் 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை) இருந்தும், காருக்குள் கேட்கும் ஒலியில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வரும் செயற்கை ஒலியாக இருக்கிறது. எஞ்சினின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே எக்ஸாஸ்ட்டை, அதாவது புகையை வெளியேற்றும் குழாய் அமைப்பை, மாற்ற நினைக்கிறேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போய்வர ஹைவே 280-இல் 65 முதல் 70 மைல் வேகத்தில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். குடியிருப்பது அடுக்குமாடிக் கட்டடம், விடியற்காலையில் கிளம்புகிறேன். வாய்ப்புக் கிடைக்கும்போது லகுனா செகா கார் பந்தய ஓடுபாதைக்கும் போக ஆசை. கேட்பேக் (பின்பகுதிக் குழாய்களும் சைலன்சரும்) போதுமா, ஹெடரையும் (எஞ்சினை ஒட்டிய முதல் குழாய்த் தொகுதி) சேர்த்து மாற்ற வேண்டுமா? ஸ்டீலுக்குப் பதிலாக டைட்டானியத்தில் செய்ததற்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது தகுமா? விளம்பரங்களில் சொல்லும் குதிரைத்திறன் உயர்வை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுஞ்சாலைவாசி

வணக்கம் நண்பரே. உங்கள் தேர்வை முடிவு செய்ய வேண்டியது 7,000 சுழற்சியில் எழும் ஒலி அன்று, 3,000 சுழற்சியில் எழும் ஒலி. இந்தக் காரின் ஆறாவது கியர் விகிதத்தையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் 18 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவையும் வைத்துக் கணக்கிட்டால், 65 முதல் 70 மைல் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2,800 முதல் 3,000 சுழற்சியில் ஓடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை எரிப்பு நிகழ்வதால், அந்த வேகத்தில் சைலன்சர் வழியாக வெளிவரும் அடிப்படை ஒலியின் அதிர்வெண் 93 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். காரின் உட்கூடு எளிதில் உடன் அதிரக்கூடிய எல்லைக்குள் இது வருவதால், பொருந்தாத சைலன்சரைப் போட்டால் காதை அடைக்கும் தாழ்ந்த குமுறல் ஒன்று உள்ளே நிரம்பிவிடும். கடை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் கேட்கும்போது இனிமையாக இருந்த அதே சைலன்சர், ஒரு மணி நேர ஓட்டத்தில் தலைவலியைக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

இதைக் கட்டுப்படுத்த, முதன்மைக் குழாயின் பக்கவாட்டில் ஒரு முனை அடைக்கப்பட்ட கிளைக்குழாயைப் பற்றவைக்கிறார்கள். அதற்குள் போன ஒலி அலை அடைபட்ட முனையில் பட்டுத் திரும்பி வரும்போது எதிர்க்கட்டத்தில் இருப்பதால், குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் அழித்துவிடும். அந்தக் குழாயின் நீளம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 480 மீட்டர் செல்வதால், 100 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளம் தேவைப்படும். சில தயாரிப்புகளில் ஒலியை அடக்கும் பெட்டியான மஃப்ளருக்கு அருகே வளைந்து மடங்கி, எங்கும் போய்ச் சேராமல் முடியும் குழாய் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். எக்ஸாஸ்ட் தயாரிக்கும் ஏடபிள்யூஇ நிறுவனத்தின் டூரிங் வகைகள் இந்த முறையில் பெயர் பெற்றவை. இவ்வகைக் குழாயோ, நடுக்குழாயில் போதிய அளவுள்ள ரெசொனேட்டரோ (ஒலியைத் தணிக்கும் அறை) இல்லாத எதையும் உங்கள் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையத்தில் உள்ள ஒலிப்பதிவுகளை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம். கைபேசியின் ஒலிவாங்கி உரத்த ஒலியை அமுக்கிப் பதிவு செய்கிறது. டெசிபெல் காட்டும் செயலிகள் பெரும்பாலும், தாழ்ந்த ஒலிகளுக்குக் குறைந்த மதிப்பளிக்கும் ஏ-எடையிட்ட அளவைக் காட்டுகின்றன. அந்த அளவுமுறை 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 19 டெசிபெல் குறைத்தே கணக்கில் எடுக்கிறது. ஆகவே, உங்களை வாட்டும் குமுறல் அந்த எண்ணில் தென்படவே தென்படாது. தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத சி-எடையிட்ட அளவைக் காட்டும் செயலியைக் கொண்டு, நீங்கள் வாங்க நினைக்கும் அதே சைலன்சர் பொருத்திய காரில், ஆறாவது கியரில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

சட்டப்படி

முந்தைய பதிவு மிகச் சரியானது. சட்டத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனெனில் கலிபோர்னியாவில் அதை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. 6,000 பவுண்டுக்குக் குறைந்த கார்களுக்கு வாகனச் சட்டத்தின் 27151-ஆம் பிரிவு விதிக்கும் வரம்பு 95 டெசிபெல். நிறுத்திய காரின் சைலன்சர் முனையிலிருந்து 20 அங்குலத் தொலைவில், 45 டிகிரிக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளக்கும் எண் அது. லகுனா செகாவில் பல நாட்களில் 90 டெசிபெல்லை ஒட்டிய வரம்பு இருக்கிறது என்றாலும், அங்கே ஓடுபாதையின் ஓரத்தில், கார் முழுவிசையில் கடந்துபோகும்போது அளக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுமுறைகள் என்பதால், ஒன்றில் தேறியது மற்றொன்றிலும் தேறும் என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் பதிவு செய்யும் நாளுக்குரிய வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பேக் என்பது, புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டுமே. ஆகவே புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அதைத் தொடுவதில்லை. ஹெடரின் நிலை வேறு. இந்தக் காரில் முதல் கன்வெர்ட்டர் ஹெடருடன் சேர்ந்தே இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அங்கீகார எண் அந்தப் பொருளுக்கு இருக்க வேண்டும். முதல் எட்டு மாடல் ஆண்டுகளுக்குப் புகைப் பரிசோதனை இல்லை என்பதால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். பரிசோதனை இல்லாத காலத்திலும் கன்வெர்ட்டரை அகற்றுவது சட்டவிரோதமே. உங்கள் பின்னால் வருபவர் சுவாசிக்கும் காற்றும் அதில் அடங்கியிருக்கிறது.

உத்தரவாதத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். 1975-ஆம் ஆண்டின் மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தியதை மட்டுமே காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது ஏற்பட்டது என்று காட்ட வேண்டும்.

பட்டறைக்காரன்

ஹெடர் உங்களுக்குத் தேவையில்லை என்பதற்குச் சட்டத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய தலைமுறையின் 2.0 லிட்டர் எஞ்சினில் 4,000 சுழற்சியை ஒட்டி டார்க் (திருப்புவிசை) சற்றுத் தொய்வதை நிரப்பத்தான் பலரும் ஹெடரையும் டியூனையும் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது) நாடினார்கள். உங்கள் 2.4 லிட்டர் எஞ்சின் 3,700 சுழற்சியிலேயே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிட்டது. கேட்பேக்கால் கிடைக்கும் குதிரைத்திறன் உயர்வோ மிகச் சிறியது. ஒரே காரை ஒரே நாளில் இருமுறை டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) ஏற்றினாலும் அவ்வளவு வேறுபாடு வரும். சக்திக்காக வாங்காதீர்கள், ஒலிக்காகவும் எடைக்காகவும் வாங்குங்கள்.

டைட்டானியம் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: உங்களுக்கு வேண்டாம். அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் பாதியைவிடச் சற்றே கூடுதல் என்பதால் காரின் பின்பகுதி எடை கணிசமாகக் குறையும், அது உண்மைதான். ஆனால் மெல்லிய டைட்டானியச் சுவர் தானும் சேர்ந்து அதிர்ந்து, ஒலிக்கு ஒரு தகரத்தன்மையைக் கொடுத்துவிடும். டோமெய் நிறுவனத்தின் டைட்டானிய சைலன்சரை ஓடுபாதையில் கேட்டால் மெய்சிலிர்க்கும். விடியற்காலையில் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் கேட்டால் அண்டை வீட்டார் எழுந்துவிடுவார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கன்வெர்ட்டரை விரைவில் சூடாக்குவதற்காகக் கணினி சுழற்சியை உயர்த்தியே வைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நின்றிருக்கும் கார் ஒரு நாளில் எழுப்பும் மிக உரத்த ஒலி அந்த முதல் நிமிடத்தில்தான் வருகிறது.

304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். 409 வகை விலை குறைவு என்றாலும் அதில் மேற்பரப்புத் துரு வரும். சந்தேகம் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், 409-இல் உறுதியாக ஒட்டும், 304-இல் ஏறக்குறைய ஒட்டாது. வளைவுகளைக் கையால் தடவிப் பார்ப்பதும் நல்லது. நல்ல தயாரிப்பில் வளைவின் உட்புறம் சுருங்காமல், குழாயின் விட்டம் சீராகவே இருக்கும்.

பாக்ஸர்பிரியன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹெடரையும் டைட்டானியத்தையும் விட்டுவிட்டு, கிளைக்குழாய் உள்ள 304 ஸ்டீல் கேட்பேக் ஒன்றை ஓட்டிக் கேட்ட பிறகே வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதை வீட்டிலேயே நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பொருத்த முடியுமா, அல்லது பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?

பட்டறைக்காரன்

தாராளமாக முடியும், காரை ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்துவதில் மட்டும் சமரசம் வேண்டாம். முந்தைய நாளே போல்ட்டுகளில் துருநீக்கி எண்ணெயைத் தெளித்து வையுங்கள். ரப்பர் தாங்கிகளில் சோப்புநீரைத் தடவினால் பழைய சைலன்சர் எளிதாகக் கழன்றுவரும். முன் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் கசியும். எல்லா நட்டுகளையும் தளர்வாக மாட்டி, இரண்டு முனைகளும் பம்பரின் திறப்புகளில் நடுவாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு, முன்னிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வாருங்கள். எஞ்சினை இயக்கி, இணைப்புகளின் அருகே டிக் டிக் என்ற ஓசை வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் கசிவு இருக்கிறது. ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். பழைய சைலன்சரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், காரை விற்கும்போது தேவைப்படும்.