மொழியைச் சொல்லி அடித்தால் அது வெறும் தகராறா?

கொருக்குப்பேட்டைவாசி:
எங்கள் தெருவில் வாடகைக்குத் தங்கி, மணலியில் ஒரு கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் பீகார் இளைஞர்கள் இருவரை, சென்ற வாரம் இரவு ஆறேழு பேர் வழிமறித்து, "இந்திக்காரனுக்கு இங்க என்ன வேலை" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அடித்திருக்கிறார்கள். பணத்தையோ கைப்பேசியையோ யாரும் பறிக்கவில்லை. ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஸ்டான்லி மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். காவல் நிலையத்திலோ குடிபோதைத் தகராறு என்று எழுதிக்கொண்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்ய வழி உண்டா?

வழக்கறிஞர், ராயபுரம்:
நம் நாட்டில் 'வெறுப்புக் குற்றம்' என்ற தலைப்பில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 117(4) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டாகச் சேர்ந்து, இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயமே. ஆகவே தாக்கியவர்கள் எத்தனை பேர், அடிக்கும்போது என்ன சொன்னார்கள் என்ற இரண்டும் புகாரில் இருந்தாக வேண்டும். சொன்ன சொற்களைச் சுருக்காமல், நாகரிகப்படுத்தாமல், அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவை விடுபட்டால் வழக்கு சாதாரண அடிதடியாகவே முடியும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஸ்டான்லியில் முதலில் பார்த்த மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பதன் நகலை வாங்கிப் பாருங்கள். அங்கே 'அடையாளம் தெரியாத ஒருவர் தாக்கியதாக' என்று இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே கூறிவிட்டது. பதிய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மேலதிகாரிக்கு, சென்னையில் துணை ஆணையருக்கு, எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்பலாம். அங்கும் பயனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

புளியந்தோப்பு மாணவி:
எங்கள் பகுதியில் நடப்பவை பெரும்பாலும் சாதியைச் சொல்லி நடப்பவை. அதற்குப் பாதை வேறு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, பொதுமக்கள் பார்வையில் அவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். வழக்குப் பதிவதற்கு முன் ஆரம்பக்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு சொல்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியாக, மாநகரில் உதவி ஆணையராக, இருக்க வேண்டும். பதியும்போதே நிவாரணத் தொகையில் ஒரு பகுதியைப் பெறும் உரிமையும் உண்டு; இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். உதவி எண் 14566.

திருவொற்றியூர் ஆசிரியர்:
ஒரு தயக்கத்தையும் பதிவு செய்கிறேன். வடமாநிலத்தவர் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியதும், அதை நம்பித் தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்பியதும் நினைவிருக்கும். இந்தத் தாக்குதலைச் சமூக ஊடகத்தில் ஏற்றுவதற்கு முன் வழக்காக்குவதே நல்லது. ஏற்கெனவே இருந்த கூலித் தகராறு ஏதேனும் உண்டா என்பதையும் அந்த இளைஞர்களிடம் கேட்டுவிடுங்கள்.

வழக்கறிஞர், ராயபுரம்:
ஆசிரியர் சொல்வது சரி. ஆனால் முன்பகை இருந்தாலும் மொழிக் காரணம் தானாக அற்றுப்போகாது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே புகாருக்குப் பலம். வாக்குமூலத்தைத் தகவல் தந்தவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதென்றால், இந்தியும் தமிழும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.