வாலே இல்லாத வவ்வால், என்ன இனம்?

அணைக்கரைப்பையன்: அண்ணாச்சிமாரே, காரையார் மேல ஒரு பாறைப் பொடவுக்குள்ள பழந்தின்னி வவ்வால் கொத்தா தொங்குச்சு, ஒண்ணு கீழ விழுந்து கெடந்துச்சு, வாயில அத்திப்பழச் சக்கை, திருப்பிப் பாத்தா வாலே இல்ல. என்ன வகை?

அம்பைக்காரன்: சலீம் அலி பழந்தின்னி வவ்வாலா இருக்கலாம் தம்பி, சாதாரண குட்டைமூக்குப் பழந்தின்னிக்கு குட்டையா வால் இருக்கும். 1948ல மேகமலையில பிடிச்சத சாதா வவ்வால்னு மியூசியத்துல போட்டு வச்சுட்டாங்க, 1972லதான் புது இனம்னே தெரிஞ்சுது, கூத்தப் பாருங்க. உங்க காரையார் இருக்கிற களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துலயும் உண்டு. ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல அழியும் அபாயத்துல இருக்கு.

பொதிகைச்சாரல்: எங்கூர்ல இழுப்புக்கு மருந்துன்னு வவ்வால சுட்டுத் திம்பாவ. எடத்த இங்க போட்டுராதீய!

அணைக்கரைப்பையன்: சரிக்கா, பொடவு எங்கன்னு இனி வாயே தொறக்கல.