கிளினிக், வரிசை, மாத்திரை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த் மல்லிகை:
எங்கள் ஆயாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. நம் தென்னாப்பிரிக்காவில் 2014-இல் வந்த அரசு மருந்துத் திட்டம் உங்களுக்குத் தெரியும்தானே. நோய் கட்டுக்குள் இருந்தால் கிளினிக் வரிசை இல்லை, பொட்டலம் பக்கத்து மருந்துக்கடைக்கே வரும், எஸ்.எம்.எஸ். பார்த்துப் போய் வாங்கலாம். அப்படி வாங்கப் போனபோது எனக்கு முன்னால் ஒரு ஜூலு பாட்டி நின்றார். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர். கார்டை நீட்டினார். "உங்களுடையது திரும்பிப் போயிடுச்சு கோகோ (ஜூலுவில் பாட்டி), மெசேஜ் அனுப்பினோமே" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கொடுத்திருந்தது பேரனுடைய நம்பர், பேரனோ ஜோஹன்னஸ்பர்க்கில். பாட்டி சண்டை போடவில்லை. கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, "ங்கியபோங்கா" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். மருந்தே கொடுக்காதவர்களுக்கு எதற்கு நன்றி? என் கையில் ஆயாவின் பொட்டலம் இருந்தது. இன்றுவரை மனசு ஆறவில்லை.

பீனிக்ஸ் மாமா:
மல்லிகை, வருத்தம் புரிகிறது, ஆனால் திட்டத்தைக் குறை சொல்லாதே. பழைய நாள் உனக்குத் தெரியாது. 1994-இல் மண்டேலா அரசு கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவசம் என்றது, 1996-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லோருக்குமே கட்டணம் போனது. அதற்கு முன் என் அம்மா காசு சேரட்டும் என்று இருமலோடு காத்திருந்தவர். இலவசமான பிறகும் விடியுமுன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அந்த வரிசை பாதியாகக் குறைந்தாலே எனக்குப் பெரிய விஷயம்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். போன் நம்பர் மாறினால் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லி எழுத வையுங்கள். பேரப்பிள்ளை நம்பரைக் கொடுக்காதீர்கள், கூடவே இருப்பவர் நம்பரைக் கொடுங்கள். உங்களுக்குப் பதில் யார் வந்து வாங்கலாம் என்று முன்கூட்டியே சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள். மருந்துச் சீட்டின் காலம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பொட்டலம் வருகிறதே என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சுகர் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள், சின்னப் புண் என்றாலும் காட்டுங்கள். எதுவும் புரியவில்லையா, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள், அவர்கள் எல்லாம் செய்து தருவார்கள்.

லேடிஸ்மித் வாசன்:
ஊர் ஊராக வந்து வைத்தியம் பார்க்கும் பெலோபெபா ரயில் பற்றி யாரும் சொல்லவில்லையே? 1994-இல் கண் பரிசோதனைக்கென்று சில பெட்டிகளோடு கிளம்பியது, 2012-இல் இரண்டாவது ரயிலும் சேர்ந்தது. கண், பல், மருந்து எல்லாம் பெட்டிக்குள்ளேயே. படிப்பை முடிக்கப்போகும் மாணவர்கள்தான் பார்ப்பார்கள். ஸ்டேஷனில் எங்கள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடி போட்டதும் என் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து மாத்திரைப் பொட்டலங்களை எடுத்துப் படித்தார். இரண்டிலும் ஒரே பெயர்! கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருக்கிறது. மனிதர் நிறத்தை வைத்தே விழுங்கிவந்தவர், புதுசு வேறு மருந்து என்று பழையதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அவர் தலைசுற்றலை வயசுக் கோளாறு என்று விட்டிருந்தோம். கண்ணாடி மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்?

டோங்காட் பேத்தி:
பீனிக்ஸ் மாமா, "அவர்கள் எல்லாம் செய்து தருவார்கள்" என்று எழுதிவிட்டீர்கள். செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு யார் செய்கிறார்கள்? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் குடிநீர் நிலையமே சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அந்தச் சேற்றிலும் ஒரு பணியாளர் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். ஆயாவுக்குப் பிரஷர் பார்த்தார். ஆயா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தா, முதல்ல உன் கையில கட்டும்மா" என்றார். வேண்டாம் வேண்டாம் என்றவரை விடவில்லை. மெஷினில் வந்த எண் ஆயாவுடையதை விட அதிகம். அவர் சட்டென்று மெஷினை நிறுத்திப் பையில் போட்டுவிட்டு, இன்னும் நிறைய வீடு இருக்கிறது என்று எழுந்துவிட்டார். நிரந்தர வேலை கிடையாது, மாதாமாதம் ஏதோ ஒரு தொகை. லீவு எடுத்துத் தன் கிளினிக் வரிசையில் நிற்க அவருக்கு நேரம் ஏது? அடுத்த முறை வேறொருவர் வந்தார். அந்த அம்மா எங்கே என்று கேட்டோம். வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த அம்மா மருந்து எடுக்கிறாரா என்று புதிதாக வந்தவருக்கும் தெரியவில்லை.