அல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோவை லீஸில் எடுக்கலாமா?

மிடில்செக்ஸ் மணி
ஹாரோவில் இருக்கிறேன். ஜூலியா குவாட்ரிஃபோலியோவுக்கு 36 மாத லீஸ் கேட்டேன். முதலில் 9 மாத வாடகை மொத்தமாக, அப்புறம் 35 மாதம். மாதம் 950 பவுண்ட், வருடம் 8,000 மைல். 2.9 லிட்டர் வி6, இரட்டை டர்போ, 500 குதிரைத்திறனுக்கு மேல். சொந்தமாக வாங்கினால் மூன்று வருடத்தில் விலை எவ்வளவு இறங்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அந்த இறக்கம் லீஸ்காரன் தலையில் விழட்டும் என்பது என் கணக்கு. தப்பா?

கணக்கர்
தப்புத்தான் தம்பி. 44 வாடகை, 41,800 பவுண்ட். கடைசியில் கையில் ஒரு சாவி கூட இருக்காது. இறக்கத்தை அவன் சுமக்கவில்லை. முன்கூட்டியே கணித்து, வட்டியும் லாபமும் சேர்த்து, உங்களிடமே மாதாமாதம் வசூலிக்கிறான்.

நாலிலை
அண்ணை, பாதிதான் சொல்கிறீர்கள். அவன் கணிப்பு பிழைத்தால் நட்டம் அவனுக்கு. பெட்ரோல் குடிக்கிற இந்த வி6-ஐ 2029இல் யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அந்தத் தூக்கம் கெடாமல் இருக்கத்தான் பணம் கட்டுகிறேன். சாலை வரியும் பெரும்பாலும் வாடகைக்குள் அடக்கம். 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு 2025-26இல் கூடுதலாக மட்டும் 425 பவுண்ட்.

கணக்கர்
தூக்கம் கெடுவது வேறு இடத்தில். வேலை போய்விட்டால்? தவணைக் கொள்முதலிலும் பிசிபியிலும் (மாதத் தவணை கட்டி, கடைசியில் ஒரு பெரிய தொகை கொடுத்தால் வண்டி சொந்தமாகும் முறை) 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, மொத்தத் தொகையில் பாதி கட்டியிருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். நீங்கள் கேட்டிருக்கும் தனிநபர் வாடகை ஒப்பந்தத்துக்கு அந்த வழி கிடையாது. மிச்ச வாடகையில் பெரும்பங்கைக் கேட்பார்கள்.

லூயிஷம் ரவி
இடையில் வருகிறேன். போன வருடம் ஒரு ஜெர்மன் வண்டியை லீஸ் முடிந்து திருப்பினேன். மழைக் காலையில் ஒருவர் வந்து, துணியால் சக்கரத்தைத் துடைத்து, கீறல் மேல் டேப்பை வைத்து அளந்தார். வாகன வாடகை நிறுவனங்களின் சங்கமான பிவிஆர்எல்ஏவின் வழிகாட்டிப்படி ஒரு சக்கர விளிம்பில் மொத்தம் 50 மில்லிமீட்டர் வரை உரசல் பரவாயில்லை. என்னுடையது 70. இரண்டு சக்கரம். பக்கத்துத் தெருவில் முன்பே சரிசெய்திருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்கும், சோம்பல். ஜூலியாவின் பின்பக்க டயர் 285/30, அதாவது அகலம் 285 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 30 சதவீதம்தான். ரப்பர் அவ்வளவு மெல்லிசு, நடைபாதை ஓரக்கல்லில் நேராகச் சக்கரம்தான் படும்.

மணி
ஹாரோவில் நடைபாதை ஓரம்தான் நிறுத்த வேண்டும். 😬 இன்னொன்று, மில்டன் கீன்ஸுக்கு வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகிறேன். போக வர 85 மைல்.

கணக்கர்
வருடம் 46 வாரம் என்றால் 7,820 மைல். தீர்ந்தது. மிச்சம் 180 மைலில் ஞாயிற்றுக்கிழமை ஈலிங் கோயிலுக்குப் போய் வரலாம். 500 குதிரையை எம்1 நெடுஞ்சாலை நெரிசலில் கட்டிப்போட்டு, பிடித்தபடி ஓட்டினால் ஒவ்வொரு மைலுக்கும் தனிக் காசு. இதற்கா இந்தக் கார்? மூன்று நான்கு வருடம் பழையதைத் தவணையில் எடுங்கள். பெரிய இறக்கத்தை முதல் ஆள் ஏற்கனவே சுமந்திருப்பான்.

நாலிலை
பழையது என்றால் உத்தரவாதம் முடிந்திருக்கலாம். கார்பன் செராமிக் பிரேக் உள்ள வண்டி மாட்டினால், தட்டு மாற்றும் செலவைக் கேட்டபின் அண்ணையே லீஸுக்கு ஆதரவாக எழுதுவார். மைல் விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது சரி. 12,000க்குக் கேளுங்கள். பின்னால் கட்டுவதை விட முன்னால் கட்டுவது பெரும்பாலும் மலிவு.

இன்னொன்று, எல்லாம் கணக்கு இல்லை. குவாட்ரிஃபோலியோ என்றால் நாலிலை. பக்கவாட்டில் உள்ள அந்த நாலிலைச் சின்னத்தை 1923இல் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் அல்ஃபா ஓட்டுநர் உகோ சிவோச்சி தன் வண்டியில் வரைந்து ஜெயித்தார். அதே வருடம் மொன்ஸா பந்தயத் தடத்தில் சின்னம் இல்லாத வண்டியில் பயிற்சியின்போது இறந்தார். முன்பு சதுரத்துக்குள் இருந்த இலை இன்று முக்கோணத்துக்குள் இருப்பது அவர் இல்லாததைக் காட்டத்தான். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்புகிற திருப்பமும் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கர்
சிவோச்சி லீஸில் எடுக்கவில்லை.

ரவி
😂

மணி
சரி, 12,000 மைலுக்கும் பிசிபிக்கும் சேர்த்துக் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டேன்.

கணக்கர்
இடையில் முறித்தால் மிச்ச வாடகையில் எத்தனை சதவீதம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் சொல்வது செல்லாது. பதில் வந்ததும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.