பத்து நிமிடம் என்றால் பெயர்ப்பட்டியலும் சேர்த்தா?

வெட்டுமேசை: நேற்று மலைக்கோட்டைவாசி இங்கே எழுதியிருக்கிறார்: "பெயர்ப்பட்டியல் படத்தின் பகுதி அல்ல, ஆகவே பத்து நிமிட வரம்பில் அதைச் சேர்க்கக் கூடாது." நம் ஊர்க் குறும்பட விழாவின் முதல் சுற்றிலேயே படம் திரும்பி வந்த வயிற்றெரிச்சல் புரிகிறது. அதற்காக இப்படியா? வரம்பு 10:00. அவர் அனுப்பியது 10:47. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? கான் விழாவில் குறும்படத்துக்கு 15 நிமிடம், பெயர்ப்பட்டியலையும் சேர்த்து. ஆஸ்கரில் 40 நிமிடம், அங்கும் சேர்த்துத்தான். கானில் கிடைக்காத சலுகை நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வேண்டுமாம்.

மலைக்கோட்டைவாசி: அவர்கள் அதை விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் விழா அறிவிப்பில் 'பத்து நிமிடத்துக்கு மிகாமல்' என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. என் கதை 9:52இல் முடிந்துவிடுகிறது. மீதி 55 விநாடியும் ஒரு ரூபாய் வாங்காமல் விடிய விடிய விளக்குப் பிடித்தவர்களின் பெயர்கள். அவற்றை வெட்டச் சொல்ல நீங்கள் யார்?

வெட்டுமேசை: நடித்தவர்கள் மூன்று பேர். அதற்கு 55 விநாடிப் பட்டியலா? நானும் பார்த்தேன். தேநீர்க் கடைக்கு நன்றி, டிரோன் கொடுத்த மாமாவுக்கு நன்றி, அந்த மாமாவை அறிமுகம் செய்த மச்சானுக்கு நன்றி. கல்யாணப் பத்திரிகையில்கூடத் தாய்மாமன் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். 1895இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். நீங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் ஒரு படத்தையே காட்டி முடித்திருப்பார்கள்.

கடைசிவரிசை: ஒரு சந்தேகம். விநாடியை விடுங்கள், எது குறும்படம் என்று முதலில் யாராவது சொல்லலாமே? முழுநீளக் கதையைப் பத்து நிமிடத்துக்குள் திணித்தால் அதுவும் குறும்படம்தானா?

வெட்டுமேசை: அதை வேறு இழையில் கேளுங்கள். 10:47 பத்தைவிடப் பெரியதா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி.

ஒலிவாங்கி: பெயர்களுக்காக மலைக்கோட்டைவாசி உருகுவது நல்ல வேடிக்கை. போன ஆண்டு அவர் படத்துக்குக் கொட்டும் மழையில் குடையின் கீழ் நின்று ஒலிப்பதிவு செய்தவன் நான். பட்டியலில் என் பெயர் எங்கே, அண்ணா? அப்போதும் டிரோன் மாமாவுக்கு இடம் இருந்தது.

மலைக்கோட்டைவாசி: தம்பி, நீ பதிவு செய்ததில் பாதி காற்றின் இரைச்சல். கடைசியில் வசனம் முழுவதையும் டப்பிங் செய்துதான் தப்பித்தோம். கைப்பேசியிலேயே பதிவு செய்திருக்கலாம். 'டேஞ்சரின்' படத்தையே ஐபோனில்தான் எடுத்தார்கள்.

ஒலிவாங்கி: ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தது காட்சியை மட்டும். ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்தார்கள். 2015இல் வந்த படம் அது; இன்னும் பாதிச் செய்தியை வைத்துக்கொண்டே பெருமை பேசுகிறீர்கள். ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடுப்பு உறை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு வாங்காமலே இருந்தது யார்?

வெட்டுமேசை: உறையைப் பிறகு பார்க்கலாம். 10:47க்குப் பதில் வரவில்லை.

பூவாளூர்க்காரன்: விநாடிக்கு 25 பிரேம் வீதம் எடுத்த படத்தை விழாக் குழுவினர் 24 பிரேமில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். அப்படி ஓட்டினால் நீளம் கூடும். இதையும் விசாரிக்க வேண்டும்.

வெட்டுமேசை: விசாரித்துவிட்டேன். சரியாகப் பத்து நிமிடப் படத்தை அப்படி ஓட்டினால் 10:25 வரும். அதற்கு மேலும் 22 விநாடி இடிக்கிறதே, அதை எந்தப் பிரேமில் ஒளித்து வைப்பீர்கள்? 9:52 கதை, 55 விநாடி பட்டியல் என்று அவரே கணக்குக் கொடுத்துவிட்ட பிறகு வக்காலத்து எதற்கு? இருபது படங்களும் ஆளுக்கு 47 விநாடி கேட்டால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். விதியை மதித்து அனுப்பிய யாரோ ஒருவரின் படத்தைத்தான் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

மலைக்கோட்டைவாசி: குத்துவிளக்கு ஏற்றவும் பொன்னாடை போர்த்தவும் முக்கால் மணிநேரம் போகிறதே, அங்கே போய் நில்லுங்கள் உங்கள் கடிகாரத்தோடு! கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குறும்படம் காட்டி வளர்ந்தவர்கள். உங்களைப் போன்றவர் வாசலில் நின்றிருந்தால் அவர்களையும் விநாடிக் கணக்குப் பார்த்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

வெட்டுமேசை: அவர்கள் பெயரைச் சொன்னால் 10:47 சுருங்கிவிடுமா? தொலைக்காட்சியில் நேரம் யாருக்காகவும் நீளாது. அங்கே வந்தவர்கள் வெட்டத் தெரிந்தவர்கள். உங்கள் படத்தின் தொடக்கத்தில் டிரோன் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை எடுத்துவிட்டிருந்தால் மச்சானுக்கு இன்னொரு முறைகூட நன்றி சொல்லியிருக்கலாம்.

மலைக்கோட்டைவாசி: இந்தப் படத்தின் படத்தொகுப்பை உங்களிடம் கொடுக்காத கோபம் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

வெட்டுமேசை: என்னிடம் கொடுத்திருந்தால் 8:30இல் முடிந்திருக்கும், பெயர்ப்பட்டியலோடு சேர்த்து.

ஒலிவாங்கி: என் பெயர் விஷயம் இன்னும் அப்படியே இருக்கிறது, அண்ணா.

பூவாளூர்க்காரன்: அறிவிப்பில் 'பெயர்ப்பட்டியல் உட்பட' என்று எழுதாதவரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெட்டுமேசை: நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காக விழாவை யாரும் தள்ளிவைக்கப் போவதில்லை. 10:47.

மலைக்கோட்டைவாசி: இவ்வளவு விதி பேசுகிறவர், பொங்கலுக்கு முன் என்னிடம் வாங்கிப் போன கேமரா முக்காலியை எப்போது திருப்பித் தருவதாக உத்தேசம்?

வெட்டுமேசை: கொடுக்கும்போதே அதில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.