புதுப்பிப்பு: கீவேர்டை பக்கத்தில் எங்கே வைப்பது?

முந்தைய இழையில், கீவேர்டை (மக்கள் கூகுளில் தேடும் சொல்லை) டைட்டில், முதல் பத்தி, துணைத்தலைப்பு மூன்றிலும் வைப்பது பற்றிப் பேசினோம். அதன் கீழே அதிகம் வந்த கேள்வி: "டைட்டிலை மாற்றியும் கூகுளில் வேறு தலைப்பு தெரிகிறதே?"

2021 ஆகஸ்டிலிருந்து கூகுள் டைட்டில் டேகை (பக்கத்தின் நிரலில் நாம் எழுதும் தலைப்பை) அப்படியே காட்டாமல், ஹெச்1 தலைப்பையோ (பக்கத்துக்குள் தெரியும் முதன்மைத் தலைப்பு) உள் இணைப்புகளின் (தளத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து இதற்கு வரும் இணைப்புகளின்) எழுத்தையோ எடுத்துக்கொள்வது கூடியது. டைட்டில் ஒன்று சொல்ல, ஹெச்1 இன்னொன்று சொன்னால் இது நடக்கும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில், "சென்னை பிளம்பர் | பிளம்பர் சென்னை | சிறந்த பிளம்பர்" போன்ற அடுக்கல், இரண்டுமே காரணமாகலாம். "வேளச்சேரியில் குழாய் கசிவு பழுது: கட்டணமும் நேரமும்" என்று எழுதுங்கள். ஹெச்1 இதையே சற்று விரித்துச் சொல்லட்டும். பிறகு தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலின் யூஆர்எல் (பக்க முகவரி) ஆய்வில் மறுபடி இண்டெக்ஸ் செய்ய, அதாவது பக்கத்தைப் புதிதாகப் படித்துப் பதிவுசெய்யக் கேளுங்கள். பலன் தெரிய சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகலாம். அதற்குள் மறுபடி கைவைத்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மெட்டா கீவேர்ட்ஸ் டேகை (வாசகருக்குத் தெரியாமல் நிரலில் கீவேர்டுகளை அடுக்கும் இடம்) வலைத்தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்னும் அதை நிரப்பப் பணம் கேட்பவர்களை என்ன சொல்ல! மெட்டா டிஸ்கிரிப்ஷனும் (தேடல் முடிவில் தலைப்பின் கீழே காட்டுவதற்காக எழுதும் சுருக்கம்) தரவரிசையை ஏற்றாது, கிளிக்கை ஏற்றலாம்.

யூஆர்எல்லில் சொல் இருப்பதன் பலன் மிகச் சிறியது. அதற்காகப் பழைய முகவரியை மாற்றவேண்டாம். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் கட்டாயம். தமிழில் யூஆர்எல் வைத்தால் கூகுளுக்குப் புரியும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் (கணினி எழுத்தைக் குறிக்கும் அலகு) % கலந்த 9 எழுத்தாக நீளும், க, இகரக் குறி என இரண்டு சேர்ந்த "கி" மட்டுமே 18.