சீனியரேஜ்: ‘அச்சு ஆதாயம்’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சீனியரேஜ் (seigniorage), அதாவது காசும் நோட்டும் வெளியிடுவதில் அரசுக்கு மிஞ்சும் லாபம். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஓமலூர் அண்ணன் தொடங்கிவைத்த இழையில் இதுவரை ‘நாணய வரி’, ‘நாணய லாபம்’, ‘மன்னர் பங்கு’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையுமே என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சேலத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடக்குறிப்பில் ‘சீனியரேஜ்’ என்று அப்படியே எழுதினால் மனப்பாடம் செய்கிறார்களே தவிர, பொருள் மண்டையில் ஏறுவதில்லை.

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியைக் கொடுத்துக் கொலுசு செய்யச் சொன்னால் செய்கூலி, சேதாரம் என்று பிடிப்பார்கள். நாணயச்சாலையும் ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. 1835-ல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு நாடு முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெய்ன் (பழைய ஆங்கில எடை அளவு), அதில் 165 கிரெய்ன் சுத்த வெள்ளி. வெள்ளிக்கட்டி வைத்திருந்த யாரும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் இந்தப் பிடித்தத்தையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். காசு அடிக்கிற செலவு தனி, மன்னருக்குப் போவது தனி. பின்னதுதான் சீனியரேஜ். இங்கிலாந்தில் 1666-ல் வந்த சட்டம் இரண்டையுமே தள்ளுபடி செய்து, செலவை அரசின் தலையில் வைத்தது. முதல் பிடித்தத்துக்குச் ‘செய்கூலி’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சிக்கல் இரண்டாவதில்தான். இந்தியாவில் அதன் உருவமே மாறிப்போனது.

உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போனதால் 1893-ல் பொதுமக்களுக்கு ரூபாய் அடித்துக் கொடுப்பதை அரசு நிறுத்திவிட்டது. காசு அரிதானது, அதன் மதிப்பு உள்ளிருக்கும் வெள்ளியின் விலையை விட்டு மேலே போனது. பிறகு ஒரு பவுனுக்கு (இங்கிலாந்தின் தங்கக் காசு) 15 ரூபாய் என்று நிலைநிறுத்தினார்கள். அதற்கப்புறம் அரசு மலிவாக வெள்ளி வாங்கி அடித்த ஒவ்வொரு ரூபாயிலும் லாபம் நின்றது. அந்த லாபத்தைப் பொன் நிலைக் காப்பு நிதி என்று தனியாகவே சேர்த்தார்கள். இதில் யாரிடமிருந்தும் எதையும் பிடிக்கவில்லை. முகமதிப்புக்கும் (காசில் பொறித்திருக்கும் மதிப்பு) அடக்கச் செலவுக்கும் உள்ள இடைவெளிதான் வருமானம். அதனால்தான் ‘வரி’ வேண்டாம் என்கிறேன். ‘மன்னர் பங்கு’ என்பதும் 1893-க்குப் பிறகு நிற்காது.

இந்த இடைவெளி தலைகீழாகவும் மாறும். முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறியதும் காசைவிட அதிலிருந்த வெள்ளி விலை கூடிப்போய், மக்கள் ரூபாயை உருக்கத் தொடங்கினார்கள். 1917-ல் ஒரு ரூபாய் நோட்டு வந்ததற்கு வெள்ளித் தட்டுப்பாடே காரணம். 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியானது, 1947-ல் முழு நிக்கல். எங்கள் ஊர் வெள்ளிப் பட்டறையில் பழைய ரூபாயைக் கொடுத்துப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் தலையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆண்டைப் பார்ப்பார்கள், விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். விளிம்பின் நடுவில் பள்ளக்கோடு ஓடினால் பாதி வெள்ளி. அதன் பிறகுதான் உரைகல். மாற்று (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் அன்றைக்கு அரசின் கணக்கில் ஏறியது. சீனியரேஜைக் கையில் பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நோட்டு. தாளும் மையும் சில ரூபாய்; முகமதிப்பு 500. இங்கே ‘நாணய’ என்ற முன்னொட்டு இடிக்கிறது. பிள்ளைகள் சில்லறைக் காசை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சில்லறையிலோ சில சமயம் நட்டம்: 2018-ல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பதிலின்படி, ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1 ரூபாய் 11 காசு ஆனது.

என் பரிந்துரை: அச்சு ஆதாயம்.

அச்சு என்றால் காசு அடிக்கிற முத்திரை, அச்சு என்றால் நோட்டு அச்சடிப்பு. அதோடு, கொங்குப் பகுதிக் கல்வெட்டுகளில் காசுக்கே அச்சு என்று பெயர் உண்டு. மூன்று காலத்தையும் ஒரே சொல் தாங்குகிறது. நாமாக வலிந்து உண்டாக்கியதும் அல்ல.

---

ஏற்காட்டிலிருந்து அக்கா எழுதியது:

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. எனக்கு மூன்று ஐயம். ‘ஆதாயம்’ ஏன்? அரசுக்கு வருவது ‘வருவாய்’ அல்லவா? அப்புறம், அச்சகத்துக்காரர் சம்பாதிப்பது என்று யாராவது எடுத்துக்கொண்டால்? சேர்த்து ‘அச்சாதாயம்’ என்று எழுதினால் ‘அச்சா தாயம்’ என்று படித்துவிடுவார்கள். சொல்லகராதிக்குப் போகும் முன் இதைத் தீர்த்துவிடு.

---

அக்கா, நன்றி. மூன்றுமே தேவையான கேள்விகள்.

வருவாய் என்றால் செலவு கழிக்காத மொத்தம் என்று கணக்குப் பதிவியலில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. சீனியரேஜ் செலவு போக மிஞ்சுவது, ஆகவே ஆதாயம்தான் சரி. ஒரு ரூபாய் நாணயக் கதையைச் சொல்லவும் வசதி: அங்கே ‘அச்சு நட்டம்’ என்று உடனே சொல்லிவிடலாம். ‘அச்சு வருவாய்’ என்று வைத்தால் அதற்கு எதிர்ச்சொல் கிடைக்காது.

அச்சகக் குழப்பம் பொருளாதாரப் பாடத்துக்குள் வராது. பொது வாசகருக்கு எழுதும்போது முதல் முறை மட்டும் ‘பண அச்சு ஆதாயம்’ என்று எழுதிவிடலாம்.

சேர்த்து எழுதுவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பிரித்தே எழுதுவோம்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் மத்திய அரசுக்குக் கொடுக்கும் உபரி முழுவதையும் சில நாளிதழ்கள் சீனியரேஜ் என்று எழுதிவிடுகின்றன. 2023-24-க்கு அது 2,10,874 கோடி ரூபாய். வட்டியே இல்லாத நோட்டை வெளியிட்டு, அதற்கு ஈடாக வட்டி தரும் பத்திரங்களை வைத்திருப்பதால் வருவது அதில் ஒரு பகுதிதான். அந்நியச் செலாவணி விற்பனையில் கிடைக்கும் லாபமும் அதற்குள் இருக்கிறது. ஆகவே உபரியை ‘உபரி’ என்றே எழுத வேண்டும்.

சொல்லகராதிக்கு என் வரைவு இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓமலூர் அண்ணன் ஏற்றிவிடட்டும்:

அச்சு ஆதாயம் (பெ.): ஒரு நாட்டின் நாணயத்தையோ நோட்டையோ வெளியிடும் அமைப்புக்கு, அதன் முகமதிப்பிலிருந்து வெளியிடும் செலவு போகக் கிடைக்கும் மிச்சம், அந்த வெளியீட்டுக்கு ஈடாக வைத்திருக்கும் சொத்துகளிலிருந்து வரும் வட்டியும் இதில் அடங்கும். எதிர்ச்சொல்: அச்சு நட்டம். ஒப்பிடுக: செய்கூலி.